எந்த முகாமில் சேர்ப்பது?



பங்குனி பாதி கழிந்ததும் நாளிதழோடு வண்ணத் துண்டறிக்கைகள் வந்து விழ ஆரம்பித்துவிடும். தெருமுனையில் பேனர் தொங்கும். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் படத்துக்கு மேல் படம் வரும். எதை எடுத்தாலும் ஒரே பட்டியல்தான்: அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, ஃபோனிக்ஸ், ரூபிக்ஸ் க்யூப், அடுப்பில்லாச் சமையல், ஸ்கேட்டிங், சிலம்பம், யோகா, சுலோகம். சில நாட்களுக்குள் இத்தனையும் கற்றுத் தருவார்களாம். முடிவில் சான்றிதழும் கோப்பையும் உண்டாம். வீட்டிலோ அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் மூடிவிட்டால் ஜூன் வரை பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை ஒரு பக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையோ கற்று முன்னால் போய்விடுமே என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெற்றோர், எந்தப் பட்டியல் நீளமாக இருக்கிறதோ அதற்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றுதான். முகாம் தேடுகிறவர் துண்டறிக்கையிலிருந்து தொடங்கக் கூடாது. தன் பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். போன பத்து மாதத்தில் இந்தப் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போயிற்று? அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் எந்த முகாமில் நிற்கிறார்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

கோடை முகாம் என்ற ஏற்பாடே இப்படி ஒரு குறையைப் பார்த்துத்தான் பிறந்தது. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்றொரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூடம் நடத்தி வந்தவர் ஃபிரெடரிக் வில்லியம் கன். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. போர்வீரர்களைப் போல நடக்க வேண்டும், திறந்தவெளியில் படுக்க வேண்டும் என்று அவருடைய மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். கன் அவர்களை அதட்டி வகுப்பில் உட்கார வைக்கவில்லை. மனைவி அபிகெய்லையும் சேர்த்துக்கொண்டு, பையன்களைச் சுமார் 40 மைல் நடத்திக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, படகு விட்டு, மீன் பிடித்துத் திரும்பினார்கள். முறையாக நடந்த முதல் கோடை முகாம் என்று அமெரிக்கர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1876இல், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் வால்டர் பியோன் என்ற பாதிரியார் வேறொரு குறையைப் பார்த்தார். நெருக்கடியான தெருக்களில் நோஞ்சானாக வளர்ந்துகொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தும் போக இடமில்லை. 68 பிள்ளைகளை ஆசிரியர்கள் துணையோடு அப்பென்செல் மலைப்பகுதிக்கு அனுப்பினார். நல்ல காற்று, வயிறாரச் சாப்பாடு, நடை, விளையாட்டு, அவ்வளவுதான் திட்டம். அந்த யோசனை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

மூன்றாவது, 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாம். சாரணர் இயக்கம் முளைத்த இடம் அது. வந்தவர்கள் ஏறக்குறைய 20 சிறுவர்கள். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் வேண்டுமென்றே கலந்து சேர்த்தார். நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். ஒருவரை ஒருவர் பார்க்கவே வாய்ப்பில்லாத இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது கூட்டாளி.

திறந்தவெளி, நல்ல காற்று, கூட்டாளி. மூவரும் பாடத்திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு எது இல்லை என்று பார்த்துத் தொடங்கினார்கள்.

இந்தக் கண்ணோடு நம் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பையன். காலை ஏழரைக்கு வேன் ஏறுகிறான். நான்கு மணிக்கு வீடு. ஐந்து மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு இந்தி வகுப்பு, அதற்கப்புறம் செல்போன். இவனுக்குக் குறைந்தது அபாகஸா? ஓடுவதற்கு இடம் குறைந்திருக்கிறது. மண்ணில் உட்கார நேரம் குறைந்திருக்கிறது. தன்னைவிட இரண்டு வயது பெரியவனோடும் இரண்டு வயது சின்னவனோடும் சேர்ந்து ஆடும் வாய்ப்பு அடியோடு இல்லை. வகுப்பில் எல்லோரும் ஒரே வயது. கையெழுத்து மோசம் என்பதற்காகவே இவனைக் கோடையிலும் நான்கு கோடு நோட்டின் முன்னால் உட்கார வைத்தால், ஜூனில் கையெழுத்து கொஞ்சம் திருந்தலாம். ஆனால் எழுதுவதன் மேலேயே அவனுக்கு ஒரு கசப்பு வந்துவிடும்.

இன்னொரு வீட்டில் நிலைமை நேர்மாறாக இருக்கும். ஊர்ப்புறத்துப் பெண் குழந்தை. ஓட்டத்துக்கும் மரம் ஏறுவதற்கும் குறைவே இல்லை. ஒரு நல்ல நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. நுண்ணோக்கி வழியாக எதையும் பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டிய முகாம் வேறு.

குறை எதுவென்று தெரிந்துவிட்டால், தமிழ்நாட்டில் அதற்கேற்ற இடம் அநேகமாக இருக்கிறது. உடம்பு வளையாத பிள்ளைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டத் தலைநகரங்களில் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே வரை காலையும் மாலையும் தடகளம், கால்பந்து, கைப்பந்து, கபடி என்று பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பாட்டோ, பரதமோ, ஓவியமோ ஆசைப்படும் பிள்ளைக்குக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் உண்டு. 5 வயது முதல் 16 வயது வரை சேரலாம். புத்தகம் பழக வேண்டிய பிள்ளைக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களும் கோடையில் கதை சொல்லல், ஓவியம், எளிய அறிவியல் சோதனை என்று முகாம் நடத்துகின்றன. பூச்சி, பாம்பு என்றால் கண் விரியும் பிள்ளைக்கு, சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. ‘ஏன், எப்படி’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் இருக்கின்றன. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரசு சார்ந்த முகாம்களில் கட்டணம் குறைவு. சிலவற்றில் கட்டணமே கிடையாது. துண்டறிக்கை அச்சடிக்கப் பணமில்லாததால்தான் இவை நம் கண்ணில் படுவதில்லை.

அடுத்து, பிள்ளையைக் கேட்க வேண்டும். “உனக்கு எது பிடிக்கும்?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை போன வாரம் பார்த்த கார்ட்டூனைச் சொல்லும். இரண்டு மூன்று முகாம்களைப் பெற்றோரே சல்லடை போட்டு எடுத்துவைத்து, அவற்றை நேரில் காட்டி, “இதில் எது?” என்று கேட்க வேண்டும். தங்கிப் படிக்கும் முகாம் என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வீட்டு ஏக்கத்தைப் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் தர்பர் என்ற அமெரிக்க உளவியலாளர். தங்கும் முகாமுக்கு வந்த சிறுவர்களிடம் அவர் நடத்திய ஆய்வில், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குறைந்தது ஒரு நாளாவது வீட்டை நினைத்து ஏங்கியதாகச் சொன்னார்கள். ஆக, ஏக்கம் வருவது இயல்பு. அது பிள்ளையின் பலவீனமும் அல்ல, முகாமின் குற்றமும் அல்ல. அந்த ஏக்கத்தைக் குறைக்க அவரும் இன்னொருவரும் சேர்ந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்துக்காக 2007இல் எழுதிய அறிக்கையில் சில வழிகள் இருக்கின்றன. முகாமுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு கொடுக்க வேண்டும். போவதற்கு முன் ஒத்திகையாக இரண்டு மூன்று இரவு வேறு வீட்டில் தங்கிப் பழக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: “அழுகை வந்தால் ஒரு போன் போடு, அம்மா உடனே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்பதற்கு ஆறுதல் போல இருக்கும். பிள்ளையின் காதில் அது, ‘உன்னால் முடியாது என்று அம்மாவுக்கே தெரியும்’ என்று விழும்.

ஒத்திகைக்கு நமக்குப் பஞ்சமில்லை. அத்தை வீடு இருக்கிறது, ஆச்சி வீடு இருக்கிறது. அங்கே மூன்று நாள் அம்மா இல்லாமல் இருந்து, தன் துணியைத் தானே மடித்து, தட்டைத் தானே கழுவிப் பழகாத பிள்ளையை நேரே ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ பத்து நாள் அனுப்புவது சரியில்லை. அத்தகைய பிள்ளைக்கு இந்த ஆண்டு பகல் நேர முகாம் போதும்.

இனி, ஆளுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அங்கீகாரம் இருக்கிறதா, ஆசிரியர்கள் என்ன படித்தவர்கள் என்று விசாரிக்கும் பெற்றோர், கோடை முகாமில் சேர்க்கும்போது “எத்தனை மணிக்கு விடுவீங்க?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் முகாம்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஒன்று 1910 முதல் இயங்கிவருகிறது. எத்தனை பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. பகல் நேர முகாமில் 4, 5 வயதுப் பிள்ளைகள் 6 பேருக்கு ஒருவர். 6 முதல் 8 வயது வரை 8 பேருக்கு ஒருவர். 9 முதல் 14 வரை 10 பேருக்கு ஒருவர். தங்கும் முகாம் என்றால் இன்னும் நெருக்கம்: சின்னஞ்சிறுசுகளுக்கு 5 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வயதுக்கு 6 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுக்கு 8 பேருக்கு ஒருவர். நம் ஊருக்கு இது சட்டமில்லை. ஆனாலும் நல்ல அளவுகோல். 40 பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் பார்த்துக்கொள்ளும் முகாமுக்குப் பெயர் என்ன வைத்தாலும், அங்கே நடப்பது காவல் காப்பதுதான்.

எண்ணிக்கையைக் கேட்டபின் ஆளைப் பார்க்க வேண்டும். துண்டறிக்கையில் படம் போட்டிருக்கும் ‘மாஸ்டர்’ தொடக்க விழாவுக்கு மட்டும் வருவார். தினமும் பிள்ளையோடு இருக்கப் போகிறவர் யார்? கல்லூரி மாணவரா? போன ஆண்டும் இங்கே இருந்தாரா? ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன செய்வார்? இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் எப்படி விலக்குவார்? நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். போன ஆண்டு நடந்ததை எடுத்துச் சொல்வார். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம்” என்ற ஒரே பதில் எல்லாக் கேள்விக்கும் வருமானால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சங்கடமான கேள்வி ஒன்றும் உண்டு. அதையும் கேட்டே தீர வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குற்றம் நடந்தபின் சட்டம் தண்டிக்கும். நடக்காமல் தடுப்பது முகாமின் ஏற்பாடு. மூடிய அறைக்குள் ஒரு பெரியவரும் ஒரே ஒரு பிள்ளையும் தனித்திருக்கும்படி எந்த வகுப்பும் அமையக் கூடாது. சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு யார் கூட்டிப் போகிறார், உடை மாற்றும் இடம் எங்கே, பிள்ளைகளின் படத்தை யாருடைய போனில் எடுக்கிறார்கள், முகாமில் ஒரு பெரியவரைப் பற்றிப் பிள்ளை குறை சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வீட்டில் பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்: யார் தொட்டது பிடிக்காவிட்டாலும் சொல்லலாம், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எவர் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 முகாமின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், நடத்துகிறவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இடத்தைப் போய்ப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் போகிறார்கள். அப்போது காற்று வீசும், விளக்கு எரியும், எல்லாம் அழகாக இருக்கும். பகல் இரண்டு மணிக்குப் போக வேண்டும். மே மாதம், அக்னி நட்சத்திரம், வேலூரிலும் திருத்தணியிலும் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள். அந்த இரண்டு மணிக்கு வகுப்பு நடக்கும் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா, கான்கிரீட்டா? மின்சாரம் போனால் மின்விசிறி சுற்றுமா? கேன் தண்ணீர் எத்தனை பிள்ளைக்கு எத்தனை வைத்திருக்கிறார்கள், டம்ளர் தனித்தனியா? கழிப்பறைத் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, எட்டினால் திறக்க வருகிறதா? வாளியில் தண்ணீர் இருக்கிறதா? பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் வரும் முகாமென்றால், அங்கே மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா? ஸ்கேட்டிங்கும் கிரிக்கெட்டும் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிக்குள் கால அட்டவணையில் எழுதியிருந்தால், அந்த அட்டவணையைப் போட்டவருக்குப் பிள்ளைகளையும் தெரியவில்லை, நம் ஊர் வெயிலையும் தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, குறுகலான வழி, பக்கத்திலேயே சமையல். அதற்குப் பிறகு பள்ளிக் கட்டடங்களுக்கு விதிகள் கடுமையாயின. கோடை முகாம்கள் நடப்பதோ மொட்டை மாடிக் கொட்டகையிலும் திருமண மண்டபத்திலும் வாடகைக்கு எடுத்த வீட்டிலும். வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏற்றிப் போகும் வாகனமும் அப்படித்தான். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்த பிறகு, தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. பள்ளி ஆண்டு முழுக்க மஞ்சள் வண்டியில் போன பிள்ளை, கோடை முகாமுக்கு மட்டும் பன்னிரண்டு பேரை அடைத்த ஆட்டோவில் போவது எப்படிப் பொருந்தும்?

ஆறும் அருவியும் குளமும் பக்கத்தில் இருக்கும் முகாமென்றால் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும். 2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆற்றில் விடியும் முன்னே வெள்ளம் வந்தது. ஆற்றங்கரையில் இருந்த ‘கேம்ப் மிஸ்டிக்’ என்ற சிறுமிகள் முகாமில் பிள்ளைகளும் பொறுப்பாளர்களுமாக 27 பேர் இறந்தார்கள். 1926இலிருந்து நடந்துவந்த, தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் நம்பி அனுப்பிய முகாம் அது. அந்த ஆண்டே டெக்சஸ் அரசு, வெள்ளம் ஏறும் தாழ்வான இடங்களில் பிள்ளைகள் தூங்கும் குடில்கள் இருக்கக் கூடாதென்று சட்டம் கொண்டுவந்தது. பழைய பெயர், நல்ல பெயர் என்பதோடு பெற்றோர் நின்றுவிட முடியாது. ராத்திரி பிள்ளை தூங்கும் இடம் ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மழை எச்சரிக்கை வந்தால் யார் விழித்திருப்பார் என்று நீலகிரிக்கும் வால்பாறைக்கும் அனுப்புகிறவர்கள் கேட்க வேண்டும்.

நீச்சல் முகாமில் ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் முன்னே இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்துவிடுவார். நீந்துகிற நேரத்தில் திடீரென்று விசில் ஊதுவார். அடுத்த நொடியே ஒவ்வொரு சோடியும் கையைக் கோத்து உயர்த்த வேண்டும். கரையில் நிற்கும் உதவியாளர் சோடிகளை வாய்விட்டு எண்ணுவார். ஒரு கை தனியாக நின்றால் குளம் முழுக்கக் காலியாக வேண்டும். இந்த எண்ணிக்கை மீண்டும் மீண்டும் நடக்கும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. எண்ணுகிற அந்த உதவியாளர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கையில் செல்போன் இருக்கக் கூடாது. சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகமானாலும் சரி, ஏதோ ஒரு ஹோட்டலின் குளமானாலும் சரி, அளவுகோல் ஒன்றுதான். உலக அளவில் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முன்னணிக் காரணங்களில் தண்ணீரில் மூழ்குவதும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே நீச்சல் கற்பது மிக நல்ல கோடைப் பயிற்சி. அதை யாரிடம் கற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆளும் இடமும் சரி. உள்ளே நாள் எப்படிப் போகிறது? இதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் ஒரு கோடை முகாம் நடந்தது. பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள். எல்லோரும் ஒரே மாதிரியான, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர். பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து, முதலில் ஒன்றை ஒன்று அறியாமல் வைத்தார். பிறகு போட்டிகளை அறிவித்தார்: பேஸ்பால், கயிறு இழுத்தல். வென்ற அணிக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும். தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. சில நாளிலேயே ஓர் அணி இன்னோர் அணியின் கொடியை எரித்தது. இரவில் குடிலுக்குள் புகுந்து படுக்கைகளைக் கவிழ்த்தார்கள். ஒரே சாப்பாட்டு அறையில் உட்கார மறுத்தார்கள். அதன்பின் ஷெரிஃப் வேறு மாதிரி வேலை கொடுத்தார். முகாமுக்கு வரும் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. எல்லோரும் சேர்ந்துதான் தேட வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். முகாம் முடிந்தபோது பையன்கள் ஒரே பேருந்தில் கலந்து உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள்.

அது ஓர் ஆராய்ச்சி என்று பையன்களுக்குத் தெரியாது. பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்தியது சரியில்லை என்ற விமரிசனம் இன்றும் இருக்கிறது. ஆனால் பெற்றோருக்கு அதில் ஒரு தெளிவான செய்தி உண்டு. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். பெரியவர்கள் போட்ட ஏற்பாடு அவர்களைச் சண்டைக்காரர்களாகவும் ஆக்கியது, தோழர்களாகவும் ஆக்கியது. எனவே முகாமில் கேட்க வேண்டிய கேள்வி: பரிசு எப்படிக் கொடுக்கிறீர்கள்? கடைசி நாள் மேடையில் மூன்று பேருக்குக் கோப்பை கொடுத்து, மீதி 27 பேரைக் கீழே உட்கார வைத்துக் கைதட்டச் சொல்கிறீர்களா? எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறீர்களா, ஒரு தோட்டம் போடுகிறீர்களா, ஒரு வேளைச் சாப்பாடு சமைக்கிறீர்களா?

நேர அட்டவணையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒரு மணி அடித்து, ஒரு கலையை விட்டு அடுத்த கலைக்கு ஓடும் முகாம், பள்ளிக்கூடம் வேறு சட்டை போட்டு வந்தது போலத்தான். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டே வேலை வைத்து, நடுவில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடும் முகாமைத் தேடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்கள் விளையாட்டுக்கு விதி வகுப்பார்கள், சண்டை போட்டு சமாதானமும் ஆவார்கள். செல்போன் அங்கே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 51 பேர் ஐந்து நாள் திரையே இல்லாத முகாமில் இருந்தார்கள். அதே பள்ளியிலிருந்து அப்போது முகாமுக்குப் போகாத 54 பேரோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார் யால்டா உல்ஸ் என்ற ஆய்வாளர். முகத்தைப் பார்த்து அடுத்தவரின் மனநிலையைப் புரிந்துகொள்ளும் திறன் முகாமுக்குப் போனவர்களிடம் கூடியிருந்தது. 2014இல் வெளிவந்த ஆய்வு இது. ஐந்தே நாள்!

கற்றல் குறைபாடோ, ஆட்டிசமோ, கேட்கும் திறன் குறைவோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்தப் பேச்சு தங்களுக்கில்லை என்று நினைக்கலாம். அவர்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டும். 1962 கோடையில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளை எந்த முகாமும் சேர்த்துக்கொள்ளாததைக் கண்டு, மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுப் புல்வெளியிலேயே முகாம் நடத்தினார். உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களைத் துணைக்கு அழைத்து, கிட்டத்தட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரைக் கூட நிற்க வைத்தார். இந்தப் பிள்ளைகளால் முடியாது என்று உலகம் நினைத்திருந்த நீச்சலையும் குதிரையேற்றத்தையும் அவர்கள் செய்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1968 ஜூலையில் சிகாகோவில் நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அந்தப் புல்வெளியிலிருந்து வளர்ந்ததுதான். ஆகவே முகாமுக்குப் போய் “என் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று தயங்கிக் கேட்க வேண்டாம். “என் பிள்ளையின் கூட யாரை நிறுத்துவீர்கள்?” என்று கேட்க வேண்டும். பிள்ளையின் மருந்து, ஒவ்வாமை, வலிப்பு, பயம் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் ஏற ஏற முகாமின் தரம் ஏறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கட்டணம் ஏறும்போது நிச்சயமாக ஏறுவது ஒன்றுதான்: வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வசதிக்காரர்களாக ஆகிவிடுகிறார்கள். பேடன் பவல் தேடிப் பிடித்துச் சேர்த்த கலப்பு அங்கே கிடைக்காது. மாநகராட்சிப் பள்ளி மாணவியும் ஐடி கம்பெனி மேலாளரின் மகளும் ஒரே கபடி அணியில் நின்று மூச்சுப் பிடிப்பது அரசு விளையாட்டு அரங்கத்தில்தான் நடக்கும். கட்டணம் கட்டும் முகாமானால் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், மூன்று நாள் பார்த்துவிட்டு மீதியைக் கட்டலாமா என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகும் பெற்றோர் வேலை முடிவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் “இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட? செஞ்சு காட்டு” என்று வாசலிலேயே பரீட்சை வைத்துவிடுகிறோம். “இன்னைக்கு யாரோட உக்காந்து சாப்பிட்ட? யாரு சிரிக்க வெச்சா?” என்று கேட்டால் முகாமைப் பற்றிய முழு அறிக்கையும் தானாக வரும். மூன்று நாளாகியும் ஒரு பெயர்கூடச் சொல்லாத பிள்ளையைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு தானே வாசலில் நிற்கும் பிள்ளையை விட்டுவிடலாம். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் குறிப்பிட்ட ஒரு வகுப்புக்கு மட்டும், குறிப்பிட்ட ஒரு பெரியவரிடம் மட்டும் போக மறுக்கிற பிள்ளையை, கட்டிய பணம் வீணாகிறதே என்று ஒருபோதும் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது. உட்கார வைத்து, பொறுமையாக, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

விளையாட்டு ஆணையத்தின் முகாம்களுக்கும் நூலக முகாம்களுக்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரலில் வரும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் இந்த வாரமே ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.